கொரகொரப்பில் இருக்கிறது சூட்சுமம்

மான்ட்ரியல் நகரத்தின் செயின்ட் லாரன்ட் சாலையில் 3895-ஆம் எண் கடைக்கு வெளியே எந்தப் பருவத்திலும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கனடாவின் பனிக்காலம் கூட அந்த வரிசையைக் கலைப்பதில்லை. ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதரான ரூபன் ஷ்வார்ட்ஸ் 1928-இல் தொடங்கிய சாப்பாட்டுக் கடை அது. உள்ளே மேசைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். முன்பின் தெரியாதவரோடு தோள் உரசித்தான் உட்கார வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது 'ஸ்மோக்டு மீட்'. மாட்டின் நெஞ்சுக்கறியைப் பத்து நாள் மசாலாவில் ஊறவைத்து, புகையில் வேகவிட்டு, கையால் சீவி, ரை ரொட்டிக்கு நடுவே அடுக்கித் தருவார்கள். தொட்டுக்கொள்ள மஞ்சள் கடுகு விழுது, கடித்துக்கொள்ள ஊறிய வெள்ளரிக்காய், குடிக்கச் செர்ரி சோடா.

அதே கடையில் கரி அடுப்பும் உண்டு. 1940-களிலும் 50-களிலும் அந்த அடுப்படியில் நின்றவர் மாரிஸ் ஷெர்மன். 'நிழல்' என்பது அவருடைய பட்டப்பெயர். தனக்கென்று வாட்டிக்கொள்ளும் ஈரல் மேலும் ஸ்டீக் மேலும், நெஞ்சுக்கறியை ஊறவைக்கக் கடையில் வைத்திருந்த மசாலாவை அவர் ஒரு கை அள்ளித் தூவிக்கொள்வாராம். வாசனை பிடித்த வாடிக்கையாளர்கள் "எனக்கும் அதே மாதிரி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மெல்ல மெல்லச் சாலையிலுள்ள மற்றக் கடைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. இந்தக் கதைக்கும் வழக்கம்போல் கண், காது, மூக்கு எல்லாம் வைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் ஊறவைக்கும் மசாலாதான் தூவும் மசாலாவாக மாறியது என்பதை, இரண்டிலும் உள்ள பொருட்களைப் பார்த்தாலே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்று அது 'மான்ட்ரியல் ஸ்டீக் ஸ்பைஸ்' என்ற பெயரில் குப்பிகளில் அடைபட்டு வட அமெரிக்கா முழுக்க விற்கிறது. மெக்கார்மிக் போன்ற பெரிய மசாலா நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஷ்வார்ட்ஸ் கடையும் தன் பெயரிலேயே விற்கிறது. இணையக் கடைகளில் இறக்குமதிக் குப்பியைத் தேடினால் விலை கண்ணைக் கட்டும். இத்தனைக்கும் உள்ளே இருப்பவை உப்பு, மிளகு, மல்லி, காய்ந்த மிளகாய், பூண்டு, வெங்காயம், கடுகு, சதகுப்பை. முதல் நான்கும் கடுகும் எந்த வீட்டிலும் இருக்கும். உலர்ந்த பூண்டும் வெங்காயமும் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். சதகுப்பைக்கு நாட்டு மருந்துக் கடை வரை போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் ரகசியம் எங்கே? 'பரம்பரை ரகசியக் கலவை' என்று கடைகள் அடித்துக்கொள்ளும் பெருமையை அரைவாசி தள்ளுபடி செய்துவிடலாம். பொருள் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, எந்தப் பருமனில் இடிப்பது, எவ்வளவு உப்பு சேர்ப்பது என்ற இரண்டும்தான். தமிழ்ச் சமையலறையில் இந்த மசாலாவைச் செய்து பார்க்கிறவர்கள் கோட்டை விடுவதும் இந்த இரண்டிலேயே. மிக்ஸியைப் பார்த்ததும் நம் கை மைய அரைக்கத்தான் போகிறது.

மான்ட்ரியலிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்கள் பிறகு மான்ட்ரியலிலும் டொரன்டோவிலும் குடியேறினார்கள். அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆயிரக்கணக்கானவர்கள் மான்ட்ரியலின் கோட் டே நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் போன்ற பகுதிகளைத் தங்கள் பகுதிகளாக்கிக்கொண்டார்கள். அங்குள்ள தமிழ்க் கடைகளில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் விற்கும். அதிலும் மல்லி, மிளகு, மிளகாய் உண்டு. ஆனால் அது கருஞ்சிவப்பாக வறுத்துப் பொடியாக்கிய தூள். கொதிக்கும் குழம்பில் கரைந்து, தேங்காய்ப்பாலோடு கலந்து, கறித்துண்டின் நார்வரைக்கும் இறங்க வேண்டியது அதன் வேலை. தண்ணீர்தான் அதற்கு வாகனம்.

ஸ்டீக் மசாலாவுக்குத் தண்ணீர் எதிரி. அது கரையக் கூடாது. இறைச்சியின் மேல் ஒட்டிக்கொண்டு, காய்ந்த இரும்பின் சூட்டை நேருக்கு நேர் வாங்கி, மொறுமொறுப்பான மேலோடாக மாற வேண்டும். மைய அரைத்த தூளை அந்தச் சூட்டில் போட்டால் அரை நிமிடத்தில் கருகிக் கசந்துவிடும். ஒன்றிரண்டாக உடைந்த மிளகு அப்படிக் கருகாது. வெளிப்புறம் வறுபடும், உட்புறம் பச்சை வாசனையைக் காப்பாற்றிக்கொள்ளும். கடிக்கும்போது ஒரு வாயில் மல்லி, அடுத்த வாயில் மிளகு என்று தனித்தனியாகத் தட்டுப்படுவதும் அதனால்தான். நம் மசாலாக்கள் கூடிப் பாடுகிறவை. இதில் ஆளுக்கொரு வரி.

வறுப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். குழம்புத் தூளை முன்கூட்டியே வறுப்பதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் குழம்பு நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டப் போவதில்லை. அந்தச் சூட்டில் எதுவும் வறுபடாது. தோசைக்கல்லோ இருநூறு டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அங்கே போகிற மசாலாவை முன்னாலேயே வறுத்து வைத்தால் அது இரண்டு முறை வறுபட்டு, வாசனை ஆவியாகி, கரிச்சுவை மட்டும் மிஞ்சும். மல்லியை வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால்தான் மனம் ஆறும் என்கிறவர்கள், ஈரம் போகிற அளவுக்குச் சூடேற்றி உடனே இறக்கிவிடட்டும்.

மிளகு, மல்லி, பூண்டு மூன்றும் இப்படிக் கூட்டுச் சேர்ந்த வரலாறு மான்ட்ரியலுக்கு வெகு முந்தியது. உஸ்மானியப் பேரரசில் 'பஸ்திர்மா' என்று உப்புக்கண்டம் போடும் வழக்கம் இருந்தது. அது ருமேனியாவுக்குப் போய் 'பஸ்த்ரமா' ஆனது. அங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளம்பிய யூதர்கள் நியூயார்க்கில் இறங்கியபோது பஸ்ட்ராமி. மான்ட்ரியலில் இறங்கியபோது ஸ்மோக்டு மீட். மான்ட்ரியலில் அதை முதலில் விற்றவர் யார் என்பதில் பல குடும்பங்களுக்குள் போட்டி இருக்கிறது. அந்தப் பட்டியலில் அடிக்கடி அடிபடும் 'பென்ஸ்' கடை 1908-இல் தொடங்கி, 2006-இல் மூடப்பட்டது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைக் காப்பாற்றிய பெரும் வேலை உப்பினுடையது. மிளகும் பூண்டும் முக்கியமாக வாசனைக்கு வந்தவை. பாதுகாக்க வேண்டிய தேவை போன பிறகும் ருசி நிலைத்துவிட்டது, நம் வீட்டுக் கருவாட்டைப் போல.

எல்லா ஸ்டீக் கடைகளும் மான்ட்ரியல் வழியில் போவதில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1887-இல் தொடங்கிய பீட்டர் லூகர் கடையில் இறைச்சிக்கு உப்பு, பிறகு உருக்கிய வெண்ணெய், அவ்வளவே. நியூ ஆர்லியன்ஸில் 1965-இல் கிளம்பிய ரூத்ஸ் கிறிஸ் கடைகள் தங்கள் அடுப்பு 1800 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 980 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிவதாகப் பெருமை பேசுகின்றன. அங்கும் உப்பு, மிளகைத் தாண்டிப் பெரிதாக எதுவும் போவதில்லை. அந்த நெருப்பில் பூண்டு போட்டால் சாம்பல்தான். டெக்சாஸின் நடுப்பகுதியில் நெஞ்சுக்கறியை மணிக்கணக்கில் புகையில் வைக்கிறவர்கள் உப்பையும் மிளகையும் சரிபாதியாகக் கலந்து பூசுகிறார்கள். அவர்கள் வாங்குவது 'பதினாறு மெஷ்' மிளகு. ஓர் அங்குல நீளத்தில் பதினாறு கண் உள்ள சல்லடையை அளவாக வைத்து உடைத்தது. ஒவ்வொரு துணுக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் இருப்பது கலிஃபோர்னியாவின் லாரீஸ். லாரன்ஸ் ஃபிராங்க் என்பவர் 1938-இல் பெவர்லி ஹில்ஸில் 'லாரீஸ் தி பிரைம் ரிப்' உணவகத்தைத் திறந்தார். அங்கு மேசையில் வைத்த மசாலா உப்பு அதே ஆண்டில் கடைகளிலும் விற்பனைக்கு வந்தது. உப்போடு சர்க்கரை, பாப்ரிகா, மஞ்சள்தூள், பூண்டு, வெங்காயம் கலந்த, மைய அரைத்த ஆரஞ்சு நிறப் பொடி அது. லாரீஸில் இறைச்சியை முழுத் துண்டமாக அவனில் நிதானமாக வேகவைத்து, சக்கரம் வைத்த வெள்ளி வண்டியில் மேசைக்கு உருட்டி வந்து அறுத்துப் பரிமாறுவார்கள். அந்த நிதானமான சூட்டில் சர்க்கரையும் தூளும் கருகாது. ஆகவே ஒரு மசாலாவின் பருமனைத் தீர்மானிப்பது சமையற்காரரின் ருசி மட்டுமல்ல, அடுப்பும்தான். வீட்டில் கேஸ் அடுப்பும் இரும்புக் கல்லும் வைத்திருப்பவருக்குப் பீட்டர் லூகரும் ஒத்துவராது, லாரீஸும் ஒத்துவராது. மான்ட்ரியல் வழிதான் கைக்கு அடக்கம்.

இப்போது ஒவ்வொரு பொருளாக.

உப்பு. கலவையில் இறைச்சிக்குள் இறங்கக்கூடியது அநேகமாக உப்பு ஒன்றுதான். மிளகின் காரமும் மல்லியின் மணமும் மேல்தோலில் நின்றுவிடும். ஒரு ராத்திரி ஊறவைத்தாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் உப்பின் அளவு சரியாக இருந்தால் மற்றவற்றில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மன்னிக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கச் சமையல் குறிப்புகள் 'கோஷர் உப்பு' என்று சொல்லி அளவைக் கரண்டியில் கொடுக்கும். அதில் பேர்போன 'டயமண்ட் கிரிஸ்டல்' உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மூன்று கிராம்கூட நிற்காது. நம் பாக்கெட் தூளுப்பு அதே கரண்டியில் ஆறு கிராம். குறிப்பை அப்படியே பின்பற்றினால் இரு மடங்கு கரிக்கும். கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுத் தராசை எடுப்பதே இதற்கு வழி. சமையலறைத் தராசு இல்லாத வீடு இந்த மசாலாவுக்காக ஒன்று வாங்கினாலும் வீண் இல்லை.

தூளுப்பைவிடக் கல் உப்பு பொருத்தம். ஆனால் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும் சுத்திகரிக்காத கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு இருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து உப்பைக் கசியவைக்கும். வெறும் வாணலியில் போட்டு, 'சடசட'வென்ற ஓசை அடங்கும்வரை வறுத்து, ஆறிய பின் உரலில் தட்டினால் பொருபொருவென்று உதிரும். இறுதியில் கிடைக்க வேண்டியது அரிசி நொய் அளவு.

மிளகு கலவையின் முதுகெலும்பு. இறக்குமதிக் குப்பிகளில் 'டெல்லிச்செர்ரி மிளகு' என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். நம் தலைச்சேரிதான். ஆனால் அது இப்போது ஊரைக் குறிப்பதைவிட மணியின் பருமனையே குறிக்கிறது: 4.25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணிகள்தான் அந்தத் தரத்தில் சேரும். கொடியில் நன்றாக முற்ற விட்டவை என்பதால் காரத்தோடு மணமும் கூடும். காரத்துக்குக் காரணமான பைப்பரின் எளிதில் ஆவியாகாது. பழைய மிளகுத்தூள்கூடக் காரம் கொடுப்பது அதனால்தான். மணம் கொடுக்கும் எண்ணெய்கள் அப்படியல்ல; மணியை உடைத்த நிமிடத்திலிருந்தே பறக்கத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு முன் இடித்த மிளகு நாக்கைச் சுடும், மூக்குக்கு ஒன்றும் தராது.

மல்லி இந்தக் கூட்டத்தில் எதிர்பாராத நாயகன். அதிலுள்ள லினலூல் என்ற எண்ணெய்ப் பொருள் கொஞ்சம் பூ வாசனையும் கொஞ்சம் எலுமிச்சை வாசனையும் கொடுத்து, கொழுப்பின் கனத்தைக் குறைக்கிறது. சதகுப்பையிலிருந்து வருவது கார்வோன்; மேல்நாட்டு ரை ரொட்டியில் போடும் சீமைச் சோம்பின் மணமும் அதிலிருந்தே. சதகுப்பை கிடைக்காதவர்கள் சீமைச் சோம்பு போடலாம். நம் சோம்பு இனிப்பில் தள்ளிவிடும். ஓமம் போட்டால் கலவை முழுக்க ஓமம்தான். மற்ற ஏழும் வாய் திறக்காது.

பூண்டில்தான் பலருக்கு ஏமாற்றம். பச்சைப் பூண்டில் ஈரம் அதிகம். கல்லில் கருகும், குப்பியில் பூசணம் பிடிக்கும். பூண்டுத்தூள் மாவுபோல் இருப்பதால் சீக்கிரம் தீயும். வேண்டியது ரவை பருமனில் உள்ள உலர் பூண்டு. கடையில் செதிலாக வாங்கி உரலில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் பல்லை மெல்லியதாகச் சீவி, கொளுத்தும் வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைக்க வேண்டும். விரலால் மடக்கினால் வளையக் கூடாது, 'டிக்' என்று ஒடிய வேண்டும். வெங்காயத்துக்கும் இதேதான் கணக்கு, இரண்டு மடங்கு பொறுமையோடு. அவ்வளவு பாடுபட மனமில்லாதவர்களுக்குக் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்திலுள்ள மஹுவா துணை இருக்கிறது. வெங்காயத்தையும் பூண்டையும் உலர்த்தி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் ஆலைகள் நிறைந்த ஊர் அது.

கடுகைப் பொறுத்தவரை சுற்றுப்பாதை நேர்மாறு. உலகச் சந்தைக்குக் கடுகு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் கனடா முன்வரிசை. அதில் பெரும்பங்கு சஸ்காட்செவன் மாகாணத்து வயல்களில் விளைகிறது. மான்ட்ரியல் மசாலாவில் போடுவது பருத்த மஞ்சள் கடுகு. நம் சின்னக் கருங்கடுகு காட்டம் கூடியது, ஆகவே அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முழுசாகப் போட்டால் கல்லில் பட்டதும் வெடித்து முகத்தில் தெறிக்கும். ஒரு அமுக்கு அமுக்கி ஓட்டை உடைத்துவிடுவது கண்ணுக்கு நல்லது.

மிளகாய், விதையோடு உடைந்த செதில்களாக இருக்கட்டும். நிறம் வேண்டுமானால் பேடகி மிளகாய் நல்ல தேர்வு. கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து மிளகாய் அது, காரம் மிதம், சிவப்பு அடர்த்தி.

அளவுகளுக்கு வருவோம். நூறு கிராம் மசாலாவுக்குக் கல் உப்பு 30 கிராம், மிளகு 22, உலர் பூண்டு 14, மல்லி 12, உலர் வெங்காயம் 8, மிளகாய்ச் செதில் 6, சதகுப்பை 4, கடுகு 4. உப்பை முப்பது சதவீதத்தில் நிறுத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. எலும்பில்லாத இறைச்சியின் எடையில் ஒரு சதவீதம் உப்பு என்பது பெரும்பாலான நாக்குகளுக்கு ஒத்துப்போகும் அளவு. இந்தக் கலவையை இறைச்சி எடையில் மூன்று சதவீதம் தூவினால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும்: அரைக் கிலோவுக்கு 15 கிராம் மசாலா, அதில் உப்பு நாலரை கிராம். கடைக் குப்பிகளில் உப்புதான் பட்டியலின் முதல் பெயர். மற்ற எதையும்விட அது மலிவு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இடிக்க உரலும் உலக்கையும், அல்லது இடிகல். மிளகு உருண்டோடும் சாமான். நாலு மணியைப் போட்டு ஓங்கி அடித்தால் இரண்டு அடுப்புக்கு அடியில் போய்விடும். உலக்கையைத் தூக்காமல், உட்சுவரோடு வைத்து அழுத்தித் திருக வேண்டும். முதலில் 'மடக் மடக்' என்று உடையும் ஓசை கேட்கும். பிறகு அது 'சரசர'வென்று மாறும். மாறியதும் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு மணியும் மூன்று நான்கு துண்டானால் சரி. மிக்ஸிதான் வழி என்றால் சின்ன ஜாரில் 'விப்பர்' பக்கம் ஒரு நொடி, ஒரு நொடியாக நான்கைந்து தடவை. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு ஓட்டுவது கூடாது. மல்லி உடைவதற்குள் வெங்காயம் மாவாகிவிடும். தனித்தனியே உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளை ரசத்துக்கு ஒதுக்கிவிட்டு, மேலே நிற்பதை மட்டும் கலக்க வேண்டும். தூள் கழியும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இடித்து, சலித்த பிறகு எடை போடுவது நல்லது.

பருமன் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குப்பியைக் குலுக்கும்போதெல்லாம் சிறு துணுக்குகள் பெரிய துணுக்குகளின் இடுக்கு வழியே கீழே இறங்கும். பெரியவை மேலே ஏறும். இயற்பியலாளர்கள் பிரேசில் கொட்டையை வைத்து இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். தூளுப்போடு முழு மிளகைக் கலந்து வைத்தால், முதல் வாரம் மிளகும் கடைசி வாரம் உப்புமாகச் சாப்பிட வேண்டிவரும். கடைத் தயாரிப்புகள் சிலவற்றில் கொஞ்சம் சமையல் எண்ணெய் சேர்ந்திருப்பதைப் பட்டியலில் பார்க்கலாம். தூள் துணுக்குகளோடு ஒட்டிக்கொள்ள அது உதவும். வீட்டில் அது வேண்டாம், எண்ணெய் சிக்கு வாடை பிடித்துவிடும்.

பயன்படுத்தும்போது முதல் விதி, இறைச்சியின் ஈரத்தை ஒற்றி எடுப்பது. மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். பழுப்பு நிறமும் வறுவல் மணமும் கிளம்பச் சுமார் 140 டிகிரி வேண்டும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நடத்தும் இந்த வேதிமாற்றத்தை 1912-இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். இரண்டாவது விதி நேரம். உப்புப் பட்ட இறைச்சி முதல் கால் மணி நேரத்தில் தண்ணீர் விடும். அந்த நிலையில் கல்லில் போட்டால் வறுபடாது, வேகும். முக்கால் மணி நேரம் பொறுத்தால் அதே தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்விடும். பொறுமை இல்லாதவர்கள் தூவிய கையோடு கல்லில் போட்டுவிட வேண்டும். நடுவில் எடுக்கிற நேரம்தான் மோசமான நேரம்.

தமிழ்நாட்டு வீட்டுக்குப் பொருந்துகிற துண்டு எது? இளம் ஆட்டின் விலா சாப்ஸ் நன்றாக வரும். முற்றிய ஆடென்றால் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, ஈரம் போக ஆறவைத்து, பிறகு மசாலா அழுத்திக் கல்லில் போடலாம். அப்போது வேகவைக்கும் தண்ணீரில் உப்புப் போடக் கூடாது. மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் கறிக்கடையில் 'அண்டர்கட்' கேட்டு, இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி வாங்கினால் அசல் ஸ்டீக்குக்கு அருகில் போய்விடலாம். கோழியில் நெஞ்சுப் பகுதியைவிடத் தொடை தேவலை. கோழி உள்ளே 74 டிகிரி வரை வெந்தாக வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அமெரிக்க வேளாண் துறை சொல்வது 63 டிகிரி, பிறகு மூன்று நிமிட ஓய்வு.

இரும்புக் கல்லைப் புகை வரும்வரை காயவைத்து, எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இறைச்சியின் மேல் தடவி, மசாலாப் பக்கத்தைக் கீழே வைத்துப் போட வேண்டும். போட்டதும் 'ஸ்ஸ்' என்று சீறும். கடுகு இரண்டொன்று துள்ளும். மல்லி மணம் முதலிலும் மிளகு நெடி பின்னாலும் வரும். ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவர்கள் தும்மாமல் தப்பிப்பார்கள். துண்டை நகர்த்தக் கூடாது. மேலோடு பிடித்ததும் தானாகவே கல்லை விட்டு எழும்பும். அதற்கு முன் கரண்டியால் நெம்பினால் மசாலா கல்லோடும் இறைச்சி கரண்டியோடும் போய்விடும்.

சைவக்காரர்களுக்கும் இதில் விலக்கு இல்லை, மசாலாவில் இறைச்சி எதுவும் கிடையாது. அரைவேக்காட்டில் வேகவைத்த சேனைக்கிழங்கை விரல் கனத்துக்குச் சீவி இந்த மசாலாவில் புரட்டி வாட்டினால், ஸ்டீக் கடைக்காரரே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். பனீருக்கும் தோலோடு பொரித்த உருளைக்கும் நன்றாகச் சேரும். வஞ்சிரத் துண்டுக்கு அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மீனின் மணம் மென்மையானது. கனடாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தக்காளிச்சாறும் வோட்காவும் கலந்த 'சீசர்' பானத்தின் கோப்பை விளிம்பில்கூட இதை ஒட்டிவைத்துக் குடிக்கிறார்கள்.

செய்து வைத்த மசாலாவை அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியில் வைப்பது நம் வீடுகளின் பழக்கம். ஆவியும் சூடும் நேராகப் படும் இடம் அதுதான். வாசனை ஒரே மாதத்தில் செத்துவிடும். இறுக்க மூடும் கண்ணாடிக் குப்பியில், வெளிச்சம் படாத அடுக்கில் இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் செய்கிறவர்கள் உலர் வெங்காயத்தையும் பூண்டையும் தனிக் குப்பியில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கலப்பது மேல். அவைதான் முதலில் ஈரம் குடித்துக் கட்டி பிடிப்பவை. மற்ற ஆறும் அடுத்த தை மாதம் வரை தாங்கும்.